டேப்பை எடுப்பதற்கு முன் மீட்டரைப் பார்க்கலாம்

சோலார் கம்பெனிக்காரர்கள் வந்தால் நேராகக் கூரைக்கு ஏறி டேப்பை எடுத்துவிடுகிறார்கள். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, நூறு சதுர அடிக்கு ஒரு கிலோவாட், "அறுபது கிலோவாட் தாராளமா போட்டுடலாமுங்க சார்" என்று ஏணியில் இறங்குவதற்குள் கணக்கு முடிந்துவிடும். அவினாசி பக்கம் பவர் டேபிள் யூனிட், அதாவது பனியன் தைக்கும் தையல் யூனிட், நடத்தும் என் மச்சானுக்கு வந்த கொட்டேஷன்கள் எல்லாமே இந்த ரகம்தான். ஒருவர் 55 கிலோவாட் என்றார், இன்னொருவர் 60, மூன்றாமவர் பின்னால் இருக்கும் பார்க்கிங் ஷெட்டையும் சேர்த்து 70. கூரையில் இடம் இருக்கிறது என்பதற்காக அதை நிரப்பியே தீர வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள் என்று தெரியவில்லை.

நான் எலக்ட்ரிக்கல் படித்தவன், பம்ப் கம்பெனியில் வேலை. சோலார் என் தொழில் இல்லை. ஆனால் மச்சான் யூனிட்டுக்கும், அடுத்து கோயம்புத்தூரில் பெரியப்பா வீட்டுக்கும் என்று இரண்டு பெரிய அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் கூடவே இருந்ததில் சில விஷயங்கள் பிடிபட்டன. இதே யோசனையில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் யூனிட் கதை. ஷீட் கூரை ஆறாயிரம் சதுர அடி. சாங்ஷன் லோடு, அதாவது ஈ.பி. அனுமதித்திருக்கும் மின்சுமை, 48 கிலோவாட். காலை 8:30க்கு ஆரம்பித்து இரவு 8:30 வரை ஓடும், திருப்பூர் பாஷையில் ஒன்றரை ஷிப்ட். ஐம்பது சொச்சம் தையல் மெஷின்கள், அயர்னிங் டேபிளுக்கு ஒரு எலக்ட்ரிக் பாய்லர், ஒரு கம்ப்ரசர், அப்புறம் லைட், ஃபேன். மாதாமாதம் கரண்ட் பில்லைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அதனால் பெரிதாகப் போட்டு ஒரேயடியாக முடித்துவிடலாம் என்பது மச்சானின் எண்ணம்.

கூரையை விட்டுவிட்டு மீட்டருக்கு வரலாம் என்றேன். காலை யூனிட் திறக்கும்போது ஒரு ரீடிங், மாலை ஐந்தரைக்கு ஒரு ரீடிங், இரவு மூடும்போது ஒன்று. செக்கிங் டேபிளில் கிடந்த பழைய நோட்டில் சூப்பர்வைசர் எழுதிக்கொண்டே வந்தார். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் தொழிற்சாலை மீட்டரில் அரை மணிக்கு ஒரு தரம் லோடு பதிவாகியிருக்கும், ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் கேட்டு வாங்க முடிந்தால் நல்லது. வாங்க முடியாவிட்டாலும் நோட்டுப் புத்தகமே போதும். வெயில் இருக்கும் நேரத்தில், அதாவது எட்டரையிலிருந்து ஐந்தரை வரை, மெஷின்கள் எல்லாம் சேர்ந்து சாப்பிடுவது நாளுக்கு 160 யூனிட் கரண்டை ஒட்டி என்று தெரிந்தது. சராசரி 18 கிலோவாட். பழைய கிளட்ச் மோட்டார் மெஷின்களை எல்லாம் சர்வோ மோட்டாருக்கு மாற்றியதிலிருந்தே லோடு குறைந்துவிட்டது, ஆனால் சாங்ஷன் லோடு அந்தக் காலத்து அளவிலேயே நிற்கிறது. கொட்டேஷன் கொடுத்தவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. சாப்பாட்டு இடைவேளை 12:30லிருந்து 1:30. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12:20க்கு, ஏனென்றால் இந்திய நேரத்தின் அளவுகோல் 82.5 டிகிரி தீர்க்கரேகை, நாம் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே தள்ளி இருக்கிறோம். ஆக பேனல்கள் உச்சத்தில் உற்பத்தி செய்யும் ஒரு மணி நேரம் பார்த்து எல்லா மெஷினும் நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை யூனிட்டே கிடையாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊரே காலியாகிவிடும், திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மெஷின் நின்றால் என்ன, கரண்ட் ஈ.பி.க்குப் போகும், காசு வரும்தானே என்று கேட்கலாம். வரும். எவ்வளவு வரும் என்பதில்தான் சமாசாரம் இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டரிங் உண்டு, கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழித்துக்கொள்ளலாம். தொழில் இணைப்புக்குத் தமிழ்நாட்டில் நெட் ஃபீட் இன் என்று வேறொரு முறை. ஈ.பி.யிடம் வாங்கும் யூனிட்டுக்கு நாம் கொடுப்பது எட்டு ரூபாய்க்கு மேல், நாம் அனுப்பும் யூனிட்டுக்கு அவர்கள் வைப்பது மூன்று ரூபாய் சொச்சம். இதுபோக நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று. கூரையில் உற்பத்தியாகும் யூனிட்டுக்கு, அதை நாமே கீழே பயன்படுத்தினாலும், கட்ட வேண்டிய கட்டணம் அது. நம் கூரை, நம் பேனல், நம் மெஷின், நடுவில் ஈ.பி.யின் கம்பி எங்கே வந்தது என்று சிறுதொழில்காரர்கள் கொதித்துப் போய் 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ஒரு நாள் யூனிட்களை மூடிப் போராடினார்கள். அதன் பிறகுதான் தாழ்வழுத்த இணைப்பில் இருக்கும் சிறுதொழில்களுக்கு அந்தக் கட்டணம் பாதியாகக் குறைந்தது. இந்தக் கட்டணங்கள் எல்லாம் ஆணைக்கு ஆணை மாறுகிறவை. கையெழுத்துப் போடும் வாரத்தில் நடப்பில் உள்ள விகிதத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள், கொட்டேஷனில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம். நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும். மாசி, பங்குனியில் கூடும், ஆனி ஆடியில் மேகத்தால் குறையும், வருஷத்துக்கு 1,400 யூனிட்டுக்குக் குறையாது. 60 கிலோவாட் போட்டால் வருஷத்துக்கு 87,000 யூனிட்டுக்கு மேல். யூனிட் ஓடும் நாள் 295 என்று வைத்துக்கொண்டாலும், அதில் மெஷின்கள் நேரடியாக எடுத்துக்கொள்வது நாளுக்கு அதிகபட்சம் 130 யூனிட்தான், மீதி எல்லாம் மூன்று ரூபாய்க்கு வெளியே போகும். பாதிக்கு மேல் வெளியே. 25 கிலோவாட் போட்டால் வருஷத்துக்கு 36,500 யூனிட், அதில் நான்கில் மூன்று பங்கு உள்ளேயே தீர்ந்துவிடும்.

கிலோவாட்டுக்கு ஐம்பதாயிரம் என்று வைத்துப் பார்த்தோம். முதல் 25 கிலோவாட்டுக்குப் பன்னிரண்டரை லட்சம், அது வருஷத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பது இரண்டரை லட்சத்தை ஒட்டி. அதற்கு மேல் போடும் 35 கிலோவாட்டுக்குப் பதினேழரை லட்சம், அது கொடுப்பது இரண்டே கால் லட்சம்கூட முழுசாக இல்லை. அந்தப் பதினேழரை லட்சத்தை வங்கியில் பத்தரை சதவீதத்துக்கு வாங்கினால் முதல் வருஷ வட்டி மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். நெட்வொர்க் கட்டணத்தையும் கழித்தால் கையில் நிற்பது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் போக, சாங்ஷன் லோடுக்கு மேல் சோலார் போட முடியாது. 60 போட வேண்டுமென்றால் 48ஐ 60 ஆக ஏற்ற வேண்டும், ஏற்றினால் நிலைக்கட்டணம் ஏறும். அது சோலார் போட்டாலும் போடாவிட்டாலும் மாதாமாதம் வரும். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்த இந்த நிலைக்கட்டணம்தான் பல யூனிட்களில் ஒரே அடியில் இரண்டு மடங்கும் நான்கு மடங்குமாக ஏறியது. "பில் ஜீரோ ஆயிடும்" என்று சொல்லும் எவரும் இந்த வரியைக் காட்டுவதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வரும் உச்ச நேரக் கூடுதல் கட்டணத்தையும் பேனல் தொடாது, சூரியன் அப்போது வீட்டுக்குப் போயிருக்கும்.

"அப்போ மாப்ள, மீதிக் கூரை சும்மாவே கிடக்கட்டுமா?" என்று மச்சான் கேட்டார். கிடக்கட்டும். பின்னால் இன்னொரு லைன் மெஷின் போட்டால், அல்லது பகலில் பிரிண்டிங் மாதிரி ஏதாவது சேர்த்தால், அப்போது ஏற்றிக்கொள்ளலாம். கேபிள் போகும் குழாயையும், பேனலின் டி.சி. கரண்டை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரை மாட்டும் சுவரையும் மட்டும் இப்போதே தாராளமாக விட்டால் போதும்.

பெரியப்பா வீட்டுக் கணக்கு இதற்கு நேர்மாறாகத் தோன்றும், ஆனால் அடிப்படை ஒன்றுதான். மூன்று ஏசி, ஹீட்டர், போர் மோட்டார், கோடையில் இரண்டு மாத பில் 1,400 யூனிட். அவருக்கு 10 கிலோவாட் என்று கொட்டேஷன் வந்தது, நெட் மீட்டரிங் இருக்கிறதே, எவ்வளவு போட்டாலும் வீணாகாது என்று விளக்கமும் வந்தது. தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை மலிவு, 500ஐத் தாண்டினால் எட்டு ரூபாய், அப்புறம் ஒன்பது, பத்து, ஆயிரத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பதினொரு ரூபாய்க்கு மேல். சோலார் யூனிட்டைக் கழிப்பது எப்போதும் மேல்படியிலிருந்து. ஒரு கிலோவாட் இரண்டு மாதத்தில் 240 யூனிட் கொடுக்கும் என்றால், முதல் கிலோவாட் வெட்டுவது பதினொரு ரூபாய் யூனிட்களை, மூன்றாவது வெட்டுவது ஒன்பது பத்து ரூபாய் யூனிட்களை, ஐந்தாவது வெட்டுவது நாலு ஐந்து ரூபாய் யூனிட்களை. ஆறாவது கிலோவாட் வெட்டுவதில் பாதி, அரசே இலவசமாகக் கொடுக்கும் அந்த நூறு யூனிட். ஒரே விலை கொடுத்து வாங்கும் பேனல்கள்தான், ஆனால் முதலாவது சம்பாதிப்பதில் நாலில் ஒரு பங்குகூட ஆறாவது சம்பாதிக்காது.

மானியமும் இதே திசையில்தான் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் ஒரு பைசாகூட ஏறாது. பேனல்களும் அவற்றின் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு 5 கிலோவாட்டில் நின்றோம். எலக்ட்ரிக் கார் வாங்கும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் இன்னும் ஒன்றோ இரண்டோ சேர்க்கலாம், "ஒருவேளை வாங்குவோம்" என்பதற்கெல்லாம் சேர்க்க வேண்டாம் என்பது என் கட்சி.

அளவு முடிவானால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியில் எல்லோரும் பேசுவது பேனல் பிராண்ட் பற்றி. எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. இன்று பெரிய கம்பெனிகள் விற்கும் பேனல்களுக்குள் வித்தியாசம் குறைவு. டாப்கான் வகை பேனல் வாங்குங்கள், பழைய பெர்க் வகையைவிடச் சூட்டில் கொஞ்சம் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பேனலின் வாட் அளவு 25 டிகிரி சூட்டில் சோதித்துச் சொல்லப்படுவது, சித்திரை மாத மதியத்தில் நம் ஷீட் கூரைமேல் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் பெர்க் 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் 0.3 சதவீதம். 575 வாட் என்று எழுதியிருப்பது அந்த நேரத்தில் 515 வாட் கொடுத்தால் பேனல் கெட்டுவிட்டது என்று யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். வாங்கும்போது ஒவ்வொரு பேனலின் சீரியல் நம்பரும் அதற்கான சோதனை அறிக்கையும் கேட்டு வாங்குங்கள், இறங்கும்போது நம்பரை ஒப்பிட்டுப் பாருங்கள், அவ்வளவு போதும்.

என் கவலை எல்லாம் கூரையைப் பற்றித்தான். மச்சான் யூனிட்டுக்குத் தேவைப்பட்டது 44 பேனல். ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், இரண்டு பக்கமும் கண்ணாடி என்றால் 32 கிலோ எடை. மொத்தம் ஒன்றே கால் டன்னுக்கு மேல், ஆயிரத்து இருநூறு சதுர அடியில் பரவி நிற்கும். எடையைக் கூரை தாங்கும், பரவலாகப் பார்த்தால் பெரிய சுமை கிடையாது. பிரச்சினை எங்கே மாட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது. மலிவாகச் செய்பவர்கள் அலுமினியத் துண்டை ஷீட்டின் மேட்டில் வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அரை மில்லிமீட்டர் ஷீட்டை நம்பி இருபத்தைந்து வருஷம் காற்றில் நிற்க வேண்டும். ஸ்க்ரூ கீழே ஷீட்டைத் தாங்கும் பர்லின் என்ற இரும்புச் சட்டத்தில் இறங்க வேண்டும், தலைக்கடியில் நல்ல ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். ஷீட்டுக்கு ஏற்கனவே பதினைந்து வயது ஆகிவிட்டதென்றால் முதலில் ஷீட்டை மாற்றிவிட்டுப் பேனல் ஏற்றுங்கள், ஏற்றின பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு. சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றித்தான் ஆக வேண்டும். அதன்மேல் ஆள் நடந்து உடைந்து விழுந்து உயிர் போன கதை தொழிற்பேட்டைகளில் எத்தனையோ.

ஒழுகல் என்பது வீட்டில் ஒரு வாளி வைத்துச் சமாளிக்கும் விஷயம். பனியன் யூனிட்டில் அப்படி இல்லை. ஐப்பசி மழையில் துருப்பிடித்த ஸ்க்ரூ வழியாக ஒரு சொட்டு, வெள்ளைத் துணி அடுக்கியிருக்கும் டேபிள்மேல் விழுந்தால் அடுக்கில் நாலைந்து பீஸ் கறையோடு ரிஜெக்ட். அதனால் ஒப்பந்தத்தில் "பேனல் மாட்டிய இடங்களில் ஐந்து வருஷம் ஒழுகலுக்கு நாங்கள் பொறுப்பு" என்ற வரியை எழுதச் சொன்னோம். ஒருவர் அந்த இடத்திலேயே பின்வாங்கினார். அவருடைய கொட்டேஷன்தான் இருப்பதிலேயே மலிவு.

காற்று இன்னொரு பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று எப்படி வீசும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதிப்படி கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் சென்னையில் பேனலைச் சுமக்கும் அதே ஸ்ட்ரக்சர் தாங்க வேண்டிய விசை ஒன்றரை மடங்குக்கும் மேல். மொட்டை மாடியில் துணி காயப்போட, வடாம் போட இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் பந்தல் மாதிரி ஸ்ட்ரக்சர் கேட்கிறவர்கள் அதிகம், பெரியப்பாவும் கேட்டார். கேட்கலாம், ஆனால் அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும் என்று தெரிந்து கேட்க வேண்டும். சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு, கெமிக்கல் ஆங்கர் (கான்கிரீட்டில் பசை வைத்து இறக்கும் போல்ட்), ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரின் கையெழுத்து, இந்த மூன்றும் இல்லாமல் எட்டடி வேண்டாம். வெல்டிங் பட்டறையில் கருப்பு பைப்பை ஒட்டி சில்வர் பெயிண்ட் அடித்துக் கொண்டுவருகிறார்கள், சில மழைக்காலத்தில் வெல்டிங் செய்த இடம் ஒவ்வொன்றிலும் துரு வழியும்.

திசை பற்றி ஒரு வார்த்தை. தெற்கு பார்த்துத்தான் வைக்க வேண்டும், வேறு திசை என்றால் வேஸ்ட் என்று ஒரு நம்பிக்கை ஊன்றிப் போயிருக்கிறது. வட இந்தியாவுக்கு அது பொருந்தும். நாம் இருப்பது 11 டிகிரி வட அட்சத்தில். சித்திரை பிறந்து சில நாளில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, அதைத் தாண்டி வடக்கே போய், ஆவணி தொடங்கிச் சில நாளில்தான் திரும்பித் தலைக்கு நேரே வருகிறது. அந்த நாலு மாதமும் மதிய வெயில் வடக்கிலிருந்து விழும். ஆகவே சரிவு குறைவாக இருக்கும் கூரையில் திசையால் வரும் நஷ்டம் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. மச்சானின் ஷெட் கிழக்கு மேற்காகச் சரியும் கூரை. அதைத் தெற்கு பார்க்க வைக்க ஒரு ஸ்டாண்ட் போடலாம் என்றார்கள், அதற்குத் தனி ரேட். வேண்டாம் என்று சரிவிலேயே படிய வைத்துவிட்டோம். கிழக்குச் சரிவில் பாதி, மேற்குச் சரிவில் பாதி. மதியத்தில் உச்சம் கொஞ்சம் தாழும், அதற்குப் பதில் காலை எட்டரைக்கே கிழக்குப் பக்கம் நன்றாகக் கொடுக்க ஆரம்பிக்கும், நாலரை ஐந்து வரை மேற்குப் பக்கம் தாங்கும். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் நிற்கும் யூனிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. ஒன்று மட்டும் முக்கியம், இரண்டு சரிவுப் பேனல்களையும் ஒரே ஸ்ட்ரிங்கில், அதாவது ஒரே தொடரில், கோர்க்கக் கூடாது, இன்வெர்ட்டரில் தனித்தனி எம்.பி.பி.டி.க்கு (பேனல் தொடரிலிருந்து முடிந்த அளவு கரண்டைக் கறக்கும் பகுதி) போக வேண்டும். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றில் வெயில் குறைந்தாலும் கூட இருப்பவை அதோடு இழுபடும்.

நிழலுக்கும் இதேதான். தென்னை, வாட்டர் டேங்க், செல்போன் டவர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது பக்கத்துக் காலி இடம். அங்கே மூன்று மாடி எழும்பினால் நாம் ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்து விளிம்பில் பேனல் வைக்காமல் விடுவதுதான் வழி. கூரையை முழுசாக நிரப்பாததால் அந்த வசதி எங்களுக்குக் கிடைத்தது.

இன்வெர்ட்டர் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். 25 கிலோவாட் பேனலுக்கு 20 கிலோவாட் இன்வெர்ட்டர் போதும், பேனல் ஒருநாளும் முழு அளவைக் கொடுக்கப்போவதில்லை. அந்த 20ஐ ஒரே பெட்டியாக வாங்காமல் இரண்டு 10 ஆக வாங்கச் சொன்னேன். விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் முதலில் பழுதாவது பேனல் கிடையாது, இன்வெர்ட்டர்தான். வாரண்டியில் ரிப்பேருக்குப் போனால் எப்போது திரும்பி வரும் என்பது சர்வீஸ் சென்டரின் மனநிலையைப் பொறுத்தது. அதுவரை பாதியாவது ஓடட்டும். வெயில் விழாத, காற்றோட்டமுள்ள சுவரில் மாட்டுங்கள். பாய்லர் பக்கத்துச் சுவரில் மாட்ட வந்தார்கள், கேபிள் மிச்சமாகுமாம்!

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்பது பல பேருக்கு மாட்டிய பிறகுதான் தெரிகிறது. கம்பத்தில் லைன்மேன் வேலை செய்யும்போது நம் கூரையிலிருந்து கரண்ட் போகக் கூடாது என்பதற்காக ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் ஆன் கிரிட் இன்வெர்ட்டர்கள் லைன் செத்ததும் தாமாக நின்றுவிடும். ஜெனரேட்டரோடு சேர்த்து ஓட்ட வேண்டுமென்றால் இடையில் ஒரு கண்ட்ரோலர் வேண்டும், ஜெனரேட்டர்மேல் குறைந்தது முப்பது சதவீத லோடாவது இருக்கும்படி அது சோலாரை அடக்கிப் பிடிக்கும். அது இல்லாமல் கோர்த்தால் ஜெனரேட்டருக்கே கேடு. மச்சான் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார். பெரியப்பா வீட்டில் பழைய பேட்டரி யு.பி.எஸ். அப்படியே இருக்கிறது.

தீ. இதைப் பற்றிக் கொட்டேஷனில் ஒரு வரியும் இருக்காது. கூரையிலிருந்து இறங்குவது அறுநூறு எழுநூறு வோல்ட் டி.சி. ஏ.சி.யில் பொறி வந்தால் தானாக அணைய ஒரு வாய்ப்பு உண்டு, டி.சி. பொறி பிடித்தால் விடாது. பெரும்பாலும் பொறி வருவது பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரில். பேனலோடு வரும் கனெக்டர் ஒரு கம்பெனி, வேலைக்காரர் பையில் இருக்கும் கனெக்டர் வேறு கம்பெனி, இரண்டும் "டக்" என்று ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடும், ஆனால் உள்ளே உலோகம் சரியாகத் தொடாமல் மெல்லச் சூடேறும். எல்லாக் கனெக்டரும் ஒரே கம்பெனியாக, உரிய கிரிம்பிங் கருவியால் அழுத்தினதாக இருக்கட்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிக்கொண்டிருந்த பையனைக் கீழே இறக்கிய அனுபவம் எங்களுக்கு உண்டு. ஒயர்கள் ஷீட்டில் உரசாமல் கட்டியிருக்க வேண்டும். டி.சி. பக்கத்துக்கு, ஏ.சி. பக்கத்துக்கு, இடிதாங்கிக்கு என்று தனித்தனி எர்த் குழி வேண்டும். கீழே பஞ்சும் துணியுமாக இருக்கும் கட்டடத்தில் இதற்கெல்லாம் பேரம் பேசக் கூடாது.

கழுவும் தண்ணீருக்கும் யோசனை வேண்டும். சாயப்பட்டறை பாய்லர் புகையின் கரி அந்தப் பக்கம் எல்லாக் கூரையிலும் படிகிறது, மழை இல்லாத மாதங்களில் துடைக்காமல் முடியாது. ஆனால் நொய்யல் ஓரத்துப் போர்த் தண்ணீரின் உப்பு ஊருக்கே தெரிந்தது. அதை ஊற்றிக் கழுவினால் கரி போகும், வெள்ளைப் படலம் ஒட்டும், அது சுரண்டினாலும் போகாது. மச்சான் மழைநீர்த் தொட்டியிலிருந்து ஒரு சின்ன பைப் லைன் மேலே ஏற்றினார். பேனல் வரிசைகளுக்கு நடுவே ஆள் நடக்க ஒரு நடைபாதையும். காலையில் பேனல் சூடாவதற்கு முன் கழுவ வேண்டும், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது.

பணத்தைப் பற்றி மிச்சம் இரண்டு. 2025 செப்டம்பர் 22லிருந்து சோலார் சாதனங்களுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. மாட்டிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் மதிப்பில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று பிரித்து வரி போடுவதால் மொத்தத்தில் 8.9 சதவீதம் வரும். பழைய 13.8 போட்ட கொட்டேஷன் இன்னும் சுற்றுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். தொழிலுக்குப் போடுகிறவர்கள் வருமான வரியில் வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த வருஷம் பாதிதான், அதனால் மார்ச் கடைசியில் அவசரப்படுவதில் பெரிய லாபமில்லை. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முதல் போடாமல் வேறொருவர் நம் கூரையில் போட்டு யூனிட் கணக்கில் நமக்கே விற்கும் முறையும் இருக்கிறது. சொந்தக் கட்டடமும் நிலையான ஆர்டரும் இருந்தால் யோசிக்கலாம். திருப்பூரில் பாதி யூனிட்கள் வாடகைக் கட்டடத்தில் ஓடுகின்றன. பதினைந்து, இருபது வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பதினோரு மாத வாடகை அக்ரிமென்ட்டோடு அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணம் கொடுக்கும் முறையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பொருள் இறங்கினால் இவ்வளவு, மாட்டி முடித்தால் இவ்வளவு, கடைசிப் பத்து சதவீதம் ஈ.பி. மீட்டர் மாட்டி உற்பத்தி பில்லில் வந்த பிறகு. பேனல் மாட்டுவது ஒரு வாரத்தில் முடிந்துவிடும். விண்ணப்பம், சான்று, மீட்டர் சோதனை என்று பேப்பர் வேலைதான் இழுக்கும், கையில் பத்து சதவீதம் நிற்காவிட்டால் அதற்கு யாரும் ஓட மாட்டார்கள். அப்புறம் உற்பத்தியைப் போனில் காட்டும் அந்த இன்வெர்ட்டர் ஆப். மாட்ட வருகிறவர் தன் மெயில் ஐ.டி.யில் கணக்கைத் திறந்து, நமக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு வருஷம் கழித்து அந்தக் கம்பெனி இல்லை, நம்பர் எடுக்கவில்லை என்றால் வைஃபை பாஸ்வேர்ட் மாற்றினால்கூடத் திரும்ப இணைக்க வழியிருக்காது. ஓனர் கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் போனில், அவர் ஏணியை எடுத்து வண்டியில் கட்டுவதற்கு முன்பே திறக்கச் சொல்லுங்கள்.